தொண்டையில் நிற்கும் சொல்

முதுமை மனிதரிடமிருந்து பலவற்றை வாங்கிக்கொள்கிறது. கண்ணின் ஒளியை, காலின் வலிமையை, பல்லின் உறுதியை அது எடுத்துக்கொள்ளும்போது வீட்டார் உடனே அறிந்துகொள்கிறார்கள். கண்ணாடி வாங்கித் தருகிறோம். கைத்தடி வாங்கித் தருகிறோம். சோற்றைக் குழைய வடித்துத் தருகிறோம். ஆனால் அதே முதுமை சொற்களை ஒவ்வொன்றாக மறைத்து வைக்கத் தொடங்கும்போது நாம் அதை ஓர் இழப்பாகக் காண்பதில்லை. "தாத்தாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு, அவரோடு பேசுவதையே குறைத்துக்கொள்கிறோம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையில், ஆலயத்துக்கு வர இயலாத முதியோரின் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்வது பங்குக் குருக்களின் வழக்கம். இலஞ்சியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வயல் வரப்போரமாக நடந்து அவ்வாறு சென்றுவரும் நாள்களில், நோயையும் தனிமையையும் விட அதிகமாக நான் கண்டது இந்தச் சொல்லிழப்புத்தான். அதைப் பற்றிப் படித்தவற்றையும் பார்த்தவற்றையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். எனக்கும் ஐம்பத்தாறு வயதாகிறது. திருமுழுக்குக்குக் குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோரின் முகம் நன்றாகத் தெரிய, பெயர் மட்டும் சற்றுத் தாமதமாக வந்து சேரும் வயது இது. ஆகவே இது எனக்கு அயலாருடைய செய்தியும் அன்று.

நான்கு அகராதிகள்

காமநாயக்கன்பட்டியிலும் பிற இடங்களிலும் மறைப்பணி புரிந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை இயற்றினார். பெயருக்கேற்ப அது நான்கு அகராதிகளின் தொகுப்பு. பெயரகராதி ஒரு சொல்லைத் தந்து அதன் பொருள்களைக் கூறும். பொருளகராதி ஒரு பொருளைத் தந்து அதற்குரிய பல சொற்களைக் கூறும். தொகையகராதி ஐம்பொறி என்பன போன்ற தொகைகளை விரித்துரைக்கும். தொடையகராதி எதுகையால் ஒத்தொலிக்கும் சொற்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும்.

நம் மனத்துக்குள்ளும் இத்தகைய நான்கு வழிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், முதியோரின் இடர் எளிதில் விளங்கும். ஒருவர் "இலஞ்சி" என்கிறார். ஊரின் பெயர் நினைவுக்கு வருகிறது. தமிழறிந்தவருக்கு மகிழமரமும் நீர்நிலையும்கூடத் தோன்றும். இது சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்லும் வழி, பெயரகராதியின் வழி. மகிழமரம் ஒன்றைக் கண்முன் பார்த்துவிட்டு, "இதற்குப் பெயர் என்ன?" என்று தேடுவது பொருளிலிருந்து சொல்லுக்குச் செல்லும் வழி, பொருளகராதியின் வழி. இவ்விரு வழிகளும் ஒன்றல்ல. முதுமையில் முதல் வழி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. இரண்டாவது வழியில்தான் முள் படர்கிறது. இந்த ஓர் உண்மையைக் குடும்பத்தார் அறிந்திருந்தால் எத்தனையோ முதியவர்களின் கண்ணீரைத் தவிர்த்திருக்கலாம்.

சொல் வராத வேளை

ஒரு வீட்டில், எண்பதைக் கடந்த ஆச்சி ஒருவர் திண்ணையில் அமர்ந்து மருமகளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தா, அரிசி பொடைக்கது இருக்குல்லா, அத எடுத்து அங்கிட்டு வையி." மருமகளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "பேரச் சொல்லுங்க அத்த" என்று வேடிக்கையாகக் கேட்டார். ஆச்சியின் முகம் வாடிவிட்டது. "தொண்டைக்குள்ள நிக்கி, வெளிய வரமாட்டேங்கு" என்றார். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தி "சொ..." என்று தொடங்கியதுதான் தாமதம், "சொளவு!" என்று ஆச்சி சிறுமியைப் போலச் சிரித்தார்.

அந்த ஒரு நிமிடத்தில் ஓர் ஆராய்ச்சி நூலின் சாரமே அடங்கியிருந்தது. ஆச்சிக்கு அந்தப் பொருள் தெரியும். அதன் பயன் தெரியும். அது இருக்குமிடமும் தெரியும். ஆகவே அறிவு போய்விடவில்லை. பொருளிலிருந்து ஒலிக்குச் செல்லும் இணைப்பு மட்டும் தளர்ந்திருந்தது. 1966-இல் ரோஜர் பிரவுன், டேவிட் மக்நீல் என்னும் இரு அமெரிக்க உளவியலார் இந்நிலையை முறையாக ஆய்ந்தனர். அரிய சொற்களின் விளக்கத்தை மாணவர்களுக்குப் படித்துக் காட்டிச் சொல்லைக் கேட்டபோது, சொல் கிடைக்காமல் தவித்தவர்களும் அதன் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் பல வேளைகளில் சரியாகக் கூறினார்கள். சொல் முழுவதும் மறைவதில்லை. அதன் நிழல் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது.

1991-இல் டெபோரா பர்க் என்பவரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் இளையோர், நடுவயதினர், முதியோர் என மூன்று பிரிவினரிடமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லி இதை ஆராய்ந்தனர். இளையோரைவிட முதியோருக்கு இத்தடை மிகுதியாக நேர்கிறது. அதிலும் ஆட்பெயர்களே மிகுதியாக நழுவுகின்றன. ஆயினும் பெரும்பாலானவை பின்னர் வந்துவிடுகின்றன என்று கண்டனர். சொல்லின் பொருளையும் ஒலியையும் இணைக்கும் பாதை, நெடுநாள் நடமாட்டம் இல்லாமையாலும் வயதாலும் மெலிந்துபோகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆள் நடக்காத ஒற்றையடிப் பாதையில் புல் முளைப்பது போல என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆட்பெயர் ஏன் முதலில் நழுவுகிறது? "செல்வம்" என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பொருட்பெயராக அதைக் கேட்டால் பணம், நிலம், நெல், நகை, வறுமை, கொடை என்று நூறு எண்ணங்கள் அதனோடு பின்னிக் கிடக்கின்றன. எந்த எண்ணத்தைப் பிடித்தாலும் அந்தச் சொல்லிடம் போய்ச் சேரலாம். அதே செல்வம் அடுத்த தெருக்காரரின் பெயரானால், அவருடைய முகத்துக்கும் தொழிலுக்கும் அந்தப் பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே ஓர் இழையில் அது தொங்குகிறது. இழை தளர்ந்தால் பெயர் விழுகிறது, மனிதர் விழுவதில்லை. பேரனின் பெயரை மறந்து, வீட்டிலுள்ள ஐந்து பிள்ளைகளின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டு ஆறாவதாகச் சரியான பெயருக்கு வரும் பாட்டி, அந்தப் பேரனை மறந்தவர் அல்லர்.

தொடையகராதியின் உதவி இங்கேதான் பயன்படுகிறது. தேடும் சொல்லின் தொடக்க ஒலியைக் கொண்ட வேறு சொற்களை உச்சரிக்கச் செய்தால் முதியோருக்குச் சொல் விரைவில் கிட்டுகிறது எனப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அந்தப் பேத்தி எந்த நூலையும் படிக்காமல் "சொ" என்று எடுத்துக் கொடுத்ததும் அதுவே. முழுச் சொல்லையும் பறித்துக்கொண்டு நாமே சொல்லிவிடுவது ஒருவகை. முதல் எழுத்தைத் தந்து காத்திருப்பது மற்றொரு வகை. இரண்டாவதில் அவர் சொல்லை அவரே கண்டெடுக்கிறார்.

சொல் விளங்காத வேளை

முதியோருக்குச் சொற்செல்வம் குறைவதில்லை. எழுபது வயதுவரையிலும் அதற்கப்பாலும்கூட அவர்கள் பொருள் அறிந்த சொற்களின் தொகை இளையோருடையதற்கு இளைத்ததன்று, பெரும்பாலும் மிகுதியே. மரக்கால், நாழி, உழக்கு என்று அளவுகளையும், கமலை, வடம், சால் என்று இறைப்புக் கருவிகளையும் அவர்கள் அறிவார்கள். நம் பிள்ளைகள் அறியமாட்டார்கள். அச்சிட்ட சொல்லைக் கண்டு அறிவதிலும் அவர்கள் சற்றுத் தாமதிக்கிறார்களே தவிரத் தவறுவது அரிது.

ஆனால் காதின் வழியாக வரும் சொல் வேறு. முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளை. அதனால் உயிரொலிகள் கேட்கின்றன, மெய்யொலிகள் மங்குகின்றன. பேச்சு காதில் விழுகிறது, சொல் விழுவதில்லை. குற்றாலத்தில் சாரல் காலத்தில் பேரருவியின் அருகே நின்று பேசிப் பார்த்தவர்களுக்கு இந்நிலை புரியும். எதிரே நிற்பவர் வாயசைப்பது தெரிகிறது, குரலும் கேட்கிறது, என்ன சொன்னார் என்பது மட்டும் தெரியவில்லை. இளையவர்களுக்கு அருவிக்கரையில் நேர்வது முதியவர்களுக்குத் தம் வீட்டு முற்றத்திலேயே நேர்கிறது. மின்விசிறியின் இரைச்சல், தொலைக்காட்சியின் ஒலி, நான்கு பேர் ஒன்றாகப் பேசும் பேச்சு ஆகியவை அவர்களுக்கு அருவியே. சபை உரையாளர் நூலின் பன்னிரண்டாம் அதிகாரம் முதுமையை ஒரு பழைய வீடாகக் காட்டி, மாவரைக்கும் ஓசை தணிவதையும் பறவைகளின் ஒலி மங்குவதையும் பேசுகிறது. ஞானி அன்றே கவனித்திருக்கிறார்.

இதற்குக் கத்திப் பேசுவது மருந்தன்று. கத்தும்போது உயிரொலியே பெருகுகிறது. மங்கிய மெய்யொலி தெளிவதில்லை. முகத்தில் வெளிச்சம் விழ எதிரே அமர்ந்து, சற்று நிதானமாக, சிறு வாக்கியங்களில் பேசினால் போதும். முன்பின் தொடர்பு தெரிந்தால், கேளாத சொல்லையும் முதியவர் ஊகித்துக்கொள்வார். அத்திறமை அவரிடம் குறைவதில்லை. செவிக்குறைவைக் கவனியாமல் விடுவது பிற்காலத்தில் மறதி நோய்க்கு வழிசெய்யும் காரணங்களுள் ஒன்று என்று மருத்துவ உலகம் இப்போது எச்சரிக்கிறது. ஆகவே காது கேட்கும் கருவி வாங்கித் தருவது ஆடம்பரமன்று. நம் ஆலயங்களில் ஒலிபெருக்கியை உரக்க வைப்பதைவிடத் தெளிவாக வைப்பது முதியோருக்குச் செய்யும் நல்ல தொண்டு.

நோய் எது, வயது எது?

எல்லா மறதியும் வயதின் மறதியன்று. இதையும் சொல்லியாக வேண்டும். வயதின் மறதியில் சொல் நழுவுகிறது, பொருள் நிற்கிறது. நோயின் மறதியில் நாளடைவில் பொருளே கரைகிறது. சுளவின் பெயர் வராதிருப்பது ஒன்று; சுளவைக் கையில் கொடுத்தாலும் அது எதற்கென்று தெரியாதிருப்பது வேறு. முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தாலும் பயனில்லை. ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த விலங்குகளின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று மருத்துவர் கேட்பது இதற்காகவே. தொகையகராதி கலைந்துவிட்டதா என்று அவர் பார்க்கிறார். எழுத்தறியாதவர்களிடமும் இதைக் கேட்கலாம் என்பது இதன் நன்மை. நம் நாட்டு முதியோரின் கல்விநிலையை எண்ணிப் பாராமல் வெளிநாட்டுத் தேர்வுகளை அப்படியே நடத்தினால், படிப்பறியாத நல்ல மூளையும் நோயுற்றதாகத் தோன்றும். வளரும் நாடுகளின் முதியோரை ஆய்ந்த 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வுக்குழு இக்குறையை மனத்திற்கொண்டே சோதனைகளை அமைத்தது. சென்னையும் வேலூரும் அதன் இந்தியக் களங்களுள் இடம்பெற்றன.

இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, முதுமை மறதி நோய் இருக்கக்கூடும் என 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. மற்றவர்கள், அதாவது மிகப் பெரும்பான்மையினர், வயதின் தளர்ச்சியை மட்டுமே சுமப்பவர்கள். ஆயினும் பழகிய தெருவில் வழி தவறினாலோ, கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டாலோ, பழகிய வேலையின் முறை மறந்தாலோ மருத்துவரிடம் காட்டுவது கடமை. தைராய்டு குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றும், அவற்றைக் குணப்படுத்தலாம். நேற்றுவரை நன்றாகப் பேசியவருக்குத் திடீரெனச் சொல் வராமலோ பேச்சுக் குழறியோ போனால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும்.

மறதி நோயின் ஆய்வுக்குத் துறவறத்தார் அளித்த கொடை ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் நோத்ர் தாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 அருள்சகோதரியர், டேவிட் ஸ்நோடன் என்னும் அறிஞர் 1986-இல் தொடங்கிய ஆய்வில் பங்கேற்று, இறந்தபின் தம் மூளையையும் ஆய்வுக்குத் தர இசைந்தனர். இளம் வயதில் மடத்தில் சேர்ந்த காலத்தில் அவர்கள் எழுதித் தந்த தன்வரலாறுகள் மடத்து ஏடுகளில் பத்திரமாக இருந்தன. அவற்றைப் படித்தபோது, இளமையில் கருத்துச் செறிவோடு எழுதியவர்களுக்கு முதுமையில் மறதி நோய் குறைவாகவே வந்திருந்தது என 1996-இல் அறிவித்தனர். 2013-இல் ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையில் 648 நோயாளிகளை ஆய்ந்தவர்கள், இருமொழி பேசுவோருக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதித்தே தோன்றியதைக் கண்டனர். எழுத்தறியாதவர்களிடமும் அந்த நன்மை இருந்தது. 1956 வரை திருவிதாங்கூரோடும் பின்னர்த் திருவிதாங்கூர்–கொச்சியோடும் இணைந்திருந்த செங்கோட்டைப் பகுதியில், தமிழோடு மலையாளமும் பேசும் முதியோரைக் காணும்போதெல்லாம் இச்செய்தி எனக்கு நினைவுக்கு வருகிறது.

பழைய சொற்களின் நிலைபேறு

நம் பங்குகளில் மட்டுமே காணக்கூடிய ஓர் அடையாளம் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் நம் வழிபாட்டுத் தமிழ் மாறியது. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவாயிற்று, சேசு இயேசுவானார். இன்றைய முதியோர் இவ்விரு தமிழையும் கற்றவர்கள். நினைவு தளரத் தளர, பின்னர்க் கற்ற சொற்கள் முதலில் உதிர்கின்றன. குழந்தைப் பருவத்தில் தாயின் மடியில் கற்றவை நிலைக்கின்றன. அண்மையில் வந்தது முன்னே போகும், பழையது பின்னே போகும் என்னும் இந்நியதியை ரிபோ என்னும் பிரெஞ்சு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்தார். ஐம்பது ஆண்டுகள் "திருப்பலி" என்று சொல்லிவந்த ஒருவர் மீண்டும் "பூசைக்குப் போகணும்" என்று கேட்கும்போது, அவர் எந்தக் காலத்தில் வாழ்கிறார் என்பது நமக்குத் தெரிகிறது. அவரைத் திருத்த வேண்டியதில்லை. அவருடைய சொல்லிலேயே நாமும் பேசலாம்.

முன்னாள் ஆசிரியர் ஒருவரின் இல்லத்தில் ஒரு கேள்வி எழுந்தது. பிள்ளைகளின் பெயரே அவருக்கு வராத நிலை. அவர் முன்னிலையிலேயே, "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியல சாமி. இனிமே நன்மை குடுக்கணுமா?" என்று மகன் கேட்டார். மகனின் கேள்வியில் அன்பின்மை இல்லை; திருவுணவுக்கு இழுக்கு வரலாகாதே என்ற அச்சமே இருந்தது. நான் விடை சொல்லவில்லை. முதியவரின் அருகே அமர்ந்து, மங்கள வார்த்தைச் செபத்தின் பழைய வாசகத்தில் முதல் இரண்டு சொற்களை மட்டும் சொன்னேன். மகனின் பெயரைச் சொல்ல இயலாத நாவு, செபம் முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தது. அப்பத்தை உயர்த்திக் காட்டியபோது கைகள் தாமாகக் குவிந்தன. "ஆமென்" என்றார். மகன் அழுதார்.

மருத்துவர் இதைப் பழக்கத்தால் பதிந்த தொடர் என்பார், அது உண்மையே. ஆனால் அந்தப் பழக்கத்தை அவருக்குள் பதித்தது எது? எழுபது ஆண்டுகளாக மாலைதோறும் அந்த வீட்டில் சொல்லப்பட்ட செபமாலை. உணர்வு தெளிவாக இருந்த காலத்தில் மறைமுகமாகவேனும் விரும்பியிருக்கக்கூடிய நோயாளிக்கு நோயில்பூசுதலை வழங்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1006-ஆம் எண் கூறுகிறது. ஒருவர் தம் விருப்பத்தைச் சொல்ல இயலாத நாளில், அவர் வாழ்ந்த வாழ்வே அவருக்காகப் பேசும் என்பதே இச்சட்டத்தின் உட்பொருள்.

குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில் புனித அகுஸ்தினாரின் 'அறிக்கைகள்' நூலைப் படித்தோம். அதன் பத்தாம் பகுதியில் அவர் நினைவைப் பற்றி நெடிதாகச் சிந்திக்கிறார். லூக்கா நற்செய்தியில் காசைத் தொலைத்த பெண்ணை எடுத்துக்கொண்டு, அவள் அதை நினைவில் வைத்திராவிட்டால், கண்டபோது அதுதான் என்று எப்படி அறிவாள் என்று கேட்கிறார். மறந்த பெயரைத் தேடும் ஒருவர், பிறர் சொல்லும் தவறான பெயர்களை மறுத்துக்கொண்டே வந்து சரியான பெயரைக் கேட்டதும் ஏற்றுக்கொள்வதையும் சுட்டுகிறார். முழுவதும் மறந்திருந்தால் மறுக்கவும் இயலாது, ஏற்கவும் இயலாது. அன்று தேர்வுக்காகப் படித்த அப்பகுதி இன்று திண்ணைகளில் எனக்கு விளங்குகிறது. சொல்லைத் தேடும் முதியவர் அச்சொல்லை இழந்தவர் அல்லர். விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருப்பவர்.

நாம் செய்யக்கூடியவை

அப்படியானால் நம் பங்கு என்ன? விளக்கை அணைக்காமலிருப்பதுதான். "நான் யார், சொல்லுங்க பார்ப்போம்" என்று முதியவரைச் சோதிக்காதிருப்போம். அந்தக் கேள்வி அவருக்கு அறிவைத் தருவதில்லை, நாணத்தையே தருகிறது. "தாத்தா, நான் உங்க மூத்த பேரன் வந்திருக்கேன்" என்று நாமே பெயரையும் உறவையும் சொல்லிக்கொண்டு அமர்வோம். சொல் வராதபோது காத்திருப்போம். பத்து நொடி காத்திருப்பது நமக்கு நீண்டதாகத் தோன்றும், அவருக்கு அது போதிய நேரம். வேண்டுமானால் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்போம். அவர் எதிரில் அவரைப் பற்றிப் பிறரிடம் பேசாதிருப்போம். பதில் சொல்ல இயலாதவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். தினமும் அவரிடம் ஏதேனும் கேட்போம், பழைய பயிர்களைப் பற்றி, உறவுமுறைகளைப் பற்றி, ஊரின் பழைய பெயர்களைப் பற்றி. நடக்கும் பாதையில் புல் முளைப்பதில்லை.

தந்தையின் அறிவு தளர்ந்தாலும் அவரிடம் பொறுமை காட்ட வேண்டும் என்று சீராக் நூலின் மூன்றாம் அதிகாரம் மகனுக்கு அறிவுறுத்துகிறது. கால்கள் தளர்ந்தாலும் என்று அது கூறவில்லை. அறிவு தளர்ந்தாலும் என்றே வெளிப்படையாகக் கூறுகிறது. அன்றைய வீடுகளிலும் இந்தப் பொறுமையே அரிதாக இருந்திருக்க வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் என ஒரு நாளை ஏற்படுத்தி, சூலைத் திங்களின் நான்காம் ஞாயிறைக் குறித்தார். தென்காசிப் பக்கத்தில் அது சாரல் பொழியும் காலம். ஊரெல்லாம் அருவிக்குப் போகும் காலம். அன்று ஒரு மணி நேரம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, முதியவர் ஒருவர் ஒரு சொல்லைத் தேடி எடுக்கும்வரை உடனிருப்போம். நமக்கு முதல் சொல்லைக் கற்றுத் தந்தபோது, அது நம் வாயிலிருந்து சரியாக வரும்வரை அவர்கள் எத்தனை நாள் காத்திருந்தார்கள்!